புதுப்பிக்கப்பட்ட உடற்பயிற்சிக் கருவிகளை நெல்லை வட்டாரத்தில் வாங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

புதுப்பிக்கப்பட்டது என்று சொல்லி ஒருவர் ட்ரெட்மில் விற்கும்போது, விலையைக் கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இதில் எந்தெந்தப் பாகங்களை மாற்றினீர்கள்? பெல்ட் புதியதா, அதற்கு அடியில் இருக்கும் டெக் பலகை புதியதா அல்லது புரட்டிப் போடப்பட்டதா, மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ் மாற்றப்பட்டதா, மோட்டாரை இயக்கும் மின்னணுப் பலகையான கன்ட்ரோல் போர்டு பழையதா என்பதற்கெல்லாம் தயக்கமின்றி விடை சொல்லி, அதையே பில்லிலும் எழுதித் தருபவர் விற்பதுதான் புதுப்பிக்கப்பட்ட கருவி. துடைத்து, பெயிண்ட் அடித்து, புது ஸ்டிக்கர் ஒட்டி நிறுத்தியிருப்பது பழைய கருவியே. அதைப் பழைய கருவியின் விலைக்குத்தான் வாங்க வேண்டும். திருநெல்வேலிச் சீமையில் வாங்குபவருக்கு இந்த வேறுபாடு இன்னும் முக்கியம். கருவி பழுதானால் உதிரிபாகம் எங்கிருந்து வரும், அதைப் பொருத்தத் தெரிந்தவர் யார் என்னும் கவலை பெருநகரத்தில் இருப்பவரைக் காட்டிலும் நமக்கு அதிகம்.

முதற்படி: யாருக்காக, எதற்காக

வீட்டில் யார் பயன்படுத்தப் போகிறார்கள் என்பதை வாங்குவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். சர்க்கரை நோய்க்காக நாளும் அரை மணி நேரம் நடக்க வேண்டிய ஐம்பது வயதுக்காரருக்கும், காவலர் தேர்வுக்காக ஓடிப் பழகும் இளைஞருக்கும் ஒரே ட்ரெட்மில் பொருந்தாது. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குக் கூறும் அளவு. பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துக்கு நடந்து செல்லும் தொலைவில் வீடு இருந்து, காலையில் போய்வர நேரமும் இருந்தால், நடப்பதற்கென்று ஒரு கருவி தேவையே இல்லை என்பது என் எண்ணம். ஆனால் சித்திரை வெயிலிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் விடாமல் நடக்க வேண்டியவர்களுக்கும், வீட்டு வேலைக்கு நடுவே கிடைக்கும் நேரத்தில்தான் நடக்க முடியும் என்ற நிலையில் இருக்கும் பெண்களுக்கும் வீட்டுக் கருவி உண்மையாகவே பயன்படும்.

முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். அவர்களில் பலருக்கு ட்ரெட்மில்லைவிட, முதுகைச் சாய்த்து உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிள் வகை ஏற்றதாக இருக்கும். நடைக்கு மட்டும் என்றால் பெல்ட்டின் அகலம் 40 சென்டிமீட்டருக்கும், நடக்கும் பரப்பின் நீளம் 120 சென்டிமீட்டருக்கும் குறையாமல் இருந்தால் போதும். ஓடுவதற்கு என்றால் அகலம் 50 சென்டிமீட்டர் அளவிலும் நீளம் 140 சென்டிமீட்டருக்குக் குறையாமலும் இருப்பது நல்லது. கருவி தாங்கும் எடை என்று தயாரிப்பாளர் குறிப்பிட்டிருக்கும் அளவு, வீட்டில் அதிக எடையுள்ளவரின் எடையைவிடக் குறைந்தது 20 கிலோவாவது கூடுதலாக இருக்கட்டும்.

இரண்டாம் படி: எங்கே தேடுவது

இங்கே கருவிகள் மூன்று வழிகளில் கைமாறுகின்றன. முதலாவது, வீட்டில் வாங்கிப் பயன்படுத்தாமல் விட்டவர்கள் நேரடியாக விற்பது. வெளிநாட்டுக்குப் புறப்படுகிறவர்கள், கூடங்குளம் அணுமின் நிலையப் பணியாளர்கள் வாழும் செட்டிகுளம் அணுவிஜய் நகரியத்தைப் போன்ற குடியிருப்புகளிலிருந்து மாற்றலாகிச் செல்கிறவர்கள் ஆகியோரிடம், அதிகம் ஓடாத நல்ல கருவி குறைந்த விலைக்குக் கிடைக்க வாய்ப்புண்டு. இரண்டாவது, மூடப்படும் ஜிம்மிலிருந்து வருபவை. மூன்றாவது, பழையவற்றை வாங்கிப் பழுது நீக்கி விற்கும் வணிகர்கள். இவர்களில் பலர் சென்னை, கோயம்புத்தூர், மதுரை போன்ற நகரங்களில் இருந்துகொண்டு லாரியில் அனுப்பி வைப்பவர்கள்.

ஜிம்மிலிருந்து வரும் கருவியின் இரும்புச் சட்டம் வீட்டுக் கருவியினுடையதைவிடப் பன்மடங்கு வலுவானதாக இருக்கும் என்றாலும், அது நாளொன்றுக்குப் பல மணி நேரம் ஓடியிருக்கும். எடையும் 150 கிலோவைத் தாண்டக்கூடும். வீட்டுக்கு அது வேண்டாம் என்றே சொல்வேன். ஆனால் டம்பெல், பிளேட், பெஞ்ச் போன்ற மோட்டார் இல்லாத பொருள்களை ஜிம் மூடும்போது வாங்குவதைப் போன்ற நல்ல வாய்ப்பு வேறில்லை.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து புதுப்பித்தது என்று சொல்லப்படும் கருவியை வாங்குவதாக இருந்தால், அதன் அடியில் அல்லது பின்புறத்தில் இருக்கும் பெயர்ப்பலகையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்கச் சந்தைக்குச் செய்யப்பட்டவை 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கு உரியவை. அதற்கென்று தனி டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டும் தொல்லையை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டியதில்லை.

மூன்றாம் படி: நேரில் போவதற்கு முன்

தொலைபேசியிலேயே மாடல் பெயர், வாங்கிய ஆண்டு, பழைய பில், விற்கும் காரணம், இதுவரை பார்த்த பழுது ஆகியவற்றைக் கேட்டறியுங்கள். மாடல் பெயர் தெரிந்தவுடன் அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் பேசி இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். ஒன்று, இந்த மாடலுக்கு பெல்ட்டும் கன்ட்ரோல் போர்டும் இப்போதும் கிடைக்கின்றனவா? மற்றொன்று, திருநெல்வேலிக்கு, அல்லது உங்கள் ஊர் அம்பாசமுத்திரமோ வள்ளியூரோ சங்கரன்கோவிலோ அங்கே, பழுது பார்க்க ஆள் அனுப்புவீர்களா, வருகைக் கட்டணம் எவ்வளவு? இந்த இரண்டுக்கும் விடை கிடைக்காத கருவி எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுவது நல்லது. உள்ளூர் மின் வினைஞர் மோட்டாரைச் சரிசெய்துவிடுவார், வெல்டிங் பட்டறையில் சட்டத்தை ஒட்டிவிடலாம், பேரிங் கடையில் அளவு சொன்னால் பேரிங் கிடைத்துவிடும். ஆனால் கன்ட்ரோல் போர்டும் டிஸ்ப்ளேயும் அந்தந்த மாடலுக்கு என்றே செய்யப்பட்டவை. அவை இல்லாமல் ஒரு ட்ரெட்மில் காயலான் கடைக்குத்தான் போகும்.

நான்காம் படி: ட்ரெட்மில்லைச் சோதித்தல்

இதற்கு அவசரமே கூடாது. பகல் வெளிச்சத்தில், நடைக்கு உரிய காலணியுடன், வீட்டில் அதிக எடையுள்ளவரையும் கூட்டிக்கொண்டு செல்லுங்கள். முடிந்தால், மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் அரை நாள் கூலி வீணாகாது.

கருவி அணைந்திருக்கும்போதே பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கி, உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். லேசான சிலிக்கான் எண்ணெய்ப் பசை இருக்க வேண்டும். உலர்ந்து, கண்ணாடிபோல் வழவழத்துப் பளபளத்தால் பெல்ட் தேய்ந்துவிட்டது. டெக் பலகையின் நடுப்பகுதியில் பூச்சு உரிந்து மரநிறம் தெரிந்தால், அதையும் மாற்ற வேண்டும் அல்லது, அந்த மாடலில் இருபுறமும் பூச்சு இருந்தால், புரட்டிப் போட வேண்டும். தேய்ந்த பலகையின்மேல் புது பெல்ட் போட்டு விற்பதும் நடக்கும். அப்படிச் செய்தால் புது பெல்ட்டும் விரைவில் தேய்ந்து, உராய்வு கூடி, மோட்டாரும் போர்டும் சூடேறிக் கெடும். ஆகவே பெல்ட் புதியது என்று சொன்னவுடன் திருப்தி அடையாமல், பலகையைப் பற்றியும் கேட்க வேண்டும்.

பிறகு மோட்டார் மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுப்பவரிடம் வாங்காதீர்கள். உள்ளே தூசி இருப்பது குற்றமில்லை. ஆடிக் காற்றடிக்கும் ஊரில் தூசி சேரத்தான் செய்யும். பார்க்க வேண்டியவை வேறு: கருகிய வாடை, போர்டில் கருத்த தடம், எலி கடித்த வயர், பல்லி எச்சமும் அதனால் பச்சை பூத்த முனைகளும். மோட்டாரில் ஒட்டியிருக்கும் தகட்டில் தொடர்ந்து தரும் குதிரைத்திறன் எவ்வளவு என்று படியுங்கள். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது உச்சத்திறன். ஒரு நொடி தரக்கூடிய அளவு அது. நடைக்குத் தொடர்திறன் ஒன்றரை முதல் இரண்டு குதிரைத்திறன் வரை போதும். ஓடுவதற்கு இரண்டரைக்கு மேல் வேண்டும்.

இனி ஓட்டிப் பார்க்கலாம். எல்லோரும் வேகமாக ஓட்டித்தான் சோதிப்பார்கள். ஆனால் குறை வெளிப்படுவது மெதுவான வேகத்தில்தான். மணிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் வைத்து, எடை கூடியவர் குதிகாலை நன்றாக ஊன்றி நடக்கட்டும். ஒவ்வோர் அடிக்கும் பெல்ட் ஒரு கணம் தயங்கி நின்று நகர்ந்தால், பெல்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது உராய்வு கூடியிருக்கிறது, அல்லது மோட்டார் வலுவிழந்திருக்கிறது. பெல்ட்டை இறுக்கியும் எண்ணெய் விட்டும் அங்கேயே சரியானால் கவலையில்லை, சரியாகாவிட்டால் விலகிவிடுங்கள்.

அடுத்து, திரையில் காட்டும் வேகம் உண்மையா என்று பார்க்க ஓர் எளிய கணக்கு உண்டு. பெல்ட்டின் முழுச் சுற்றளவை டேப்பால் அளந்துகொண்டு, அதன் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். மணிக்கு 6 கிலோமீட்டர் என்பது நிமிடத்துக்கு 100 மீட்டர். பெல்ட்டின் சுற்றளவு 3 மீட்டர் என்றால், ஒருவர் மேலே நடக்கும்போது அந்தக் கோடு நிமிடத்துக்கு 33 முறை வந்துபோக வேண்டும். இருபத்தைந்து முறைதான் வருகிறது என்றால் உண்மையான வேகம் நாலரை கிலோமீட்டரே. மருத்துவர் சொன்ன அளவுக்கு நடப்பவருக்கு இந்த வேறுபாடு சிறியதன்று.

இதற்குப் பிறகு, நிறுத்தாமல் இருபது முப்பது நிமிடம் நடக்க வேண்டும். விற்பவர் பொறுமை இழந்தாலும் இதை விட்டுக்கொடுக்காதீர்கள். சூடேறிய பிறகே கன்ட்ரோல் போர்டின் பழுது தலைகாட்டும். திரையில் பிழை எண் தோன்றிக் கருவி நின்றுவிடுவதும் அப்போதுதான். நடந்துகொண்டிருக்கும்போது எலக்ட்ரீஷியன் மின்வயரின் ஒற்றைக் கம்பியைச் சுற்றி கிளாம்ப் மீட்டரை வைத்து மின்னோட்டத்தைப் பார்க்கட்டும். மோட்டார் தகட்டிலும் பெயர்ப்பலகையிலும் குறித்துள்ள அளவை நெருங்கியோ தாண்டியோ சாதாரண நடைக்கே இழுத்தால், பெல்ட்டும் பலகையும் தேய்ந்துள்ளன என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இறுதியாக, சரிவை மிகக் குறைந்த நிலையிலிருந்து மிக உயர்ந்த நிலை வரை ஒருமுறை ஏற்றி இறக்குங்கள். ஓடும்போது சேஃப்டி கீயை இழுத்தால் பெல்ட் உடனே நிற்கிறதா என்றும் பாருங்கள். அந்தச் சாவி தொலைந்துபோய், காந்தத்துண்டையோ கம்பியையோ செருகி ஓட்டும் கருவியை, குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது.

வெள்ளத்தில் நனைந்த கருவிகள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. தாமிரபரணி கரை கடந்து, திருநெல்வேலியில் சந்திப்பு, சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டை ஆகிய பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. தரைத்தளத்தில் நின்ற கருவிகள் பல அன்று நனைந்தன. உலர்த்தி ஓடவைத்து அவற்றைக் கைமாற்றுவது எளிது. வாங்கியவர்தான் பின்னால் அவதிப்படுவார்.

நனைந்த ட்ரெட்மில்லைக் கண்டுபிடிக்க டெக் பலகையின் விளிம்பைப் பாருங்கள். பெரும்பாலும் அது மரத்தூளை அழுத்திச் செய்த பலகை என்பதால், தண்ணீர் பட்டால் ஓரங்கள் உப்பும். ஒருமுறை உப்பினால் மீண்டும் பழைய தடிமனுக்கு வராது. சட்டத்தின் அடிப்பகுதியில் ஒரே மட்டத்தில் கோடுபோட்டதுபோல் துரு, திருகுகளின் பள்ளத்தில் வண்டல், ரோலரைக் கையால் சுற்றினால் கரகரக்கும் பேரிங், போர்டின் முனைகளில் வெள்ளை அல்லது பச்சைப் பூப்பு ஆகியவை மற்ற அடையாளங்கள். இவற்றில் இரண்டு சேர்ந்து இருந்தால், எந்த விலைக்கும் வேண்டாம். உவரி, கூடங்குளம், இடிந்தகரை போன்ற கடற்கரை ஊர்களிலிருந்து வருபவற்றில் துரு பரவலாக இருக்கும். அது உப்புக்காற்றால் வருவது. சட்டத்தின் மேற்பரப்பில் மட்டும் என்றால் தேய்த்துப் பெயிண்ட் அடிக்கலாம். வெல்டிங் இணைப்புகளுக்குள் புகுந்து செதில் செதிலாக உரிந்தால், அந்தச் சட்டத்தின்மேல் ஆளை ஏற்றக்கூடாது.

மற்ற கருவிகள்

எக்சர்சைஸ் சைக்கிளில் கெட்டுப்போவதற்கு அதிகம் இல்லை. முதன்முறையாக வாங்குபவருக்கு நான் சொல்வது அதைத்தான். பெடல் கிராங்கை இரு கைகளாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது, அது மலிவாகச் சரியாகிவிடும். ஆனால் பெடல் திருகும் துளையின் மரை கழன்றிருந்தால் கிராங்கையே மாற்ற வேண்டும். இடது பெடலுக்கு எதிர்மரை என்பதை அறியாமல் யாரோ முறுக்கியதால் வரும் கேடு அது. சக்கரத்தைக் கம்பளிப்பட்டை அழுத்தும் வகையில் பட்டை தேயும், மாற்றிக்கொள்ளலாம். காந்த வகையில் அந்தத் தேய்மானம் இல்லை, சத்தமும் குறைவு. ஒட்டுச்சுவர் கொண்ட வளவு வீடுகளில் இருப்பவர்களுக்குக் காந்த வகையே உகந்தது.

நின்றுகொண்டே கையையும் காலையும் சேர்த்து அசைக்கும் கிராஸ் டிரெய்னரில் மூட்டுகள் பல. ஒவ்வொன்றிலும் புஷ் அல்லது பேரிங் தேயும். பத்து நிமிடம் மிதித்துப் பார்க்கும்போது ஒரே இடத்தில் 'டக்' என்ற சத்தம் வந்துகொண்டே இருந்தால், எந்த மூட்டு என்று கண்டுபிடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

டம்பெல், பிளேட் இவற்றைக் கிலோ விலைக்கு வாங்கும்போது எடைபோட்டே வாங்குங்கள். வார்ப்பிரும்பா, பிளாஸ்டிக் உறைக்குள் சிமென்ட் நிரப்பியதா என்று பாருங்கள். சிமென்ட் வகைக்கு இரும்பின் விலை கொடுக்கலாகாது. ராடின் தடிமனும் பிளேட்டின் துளையும் பொருந்த வேண்டும்: வீட்டு ராடுகள் 25 முதல் 30 மில்லிமீட்டர் வரை இருக்கும், ஒலிம்பிக் வகையின் முனை 50 மில்லிமீட்டர். பல பயிற்சிகளை ஒரே சட்டத்தில் செய்ய உதவும் மல்டி ஜிம்மில், எடையை இழுக்கும் கம்பிவடத்தின் முனைகளையும், அது கப்பியில் வளையும் இடங்களையும் விரலால் தடவுங்கள். மேலுறை வெடித்து ஓர் இழை வெளியே வந்திருந்தாலும் வடத்தை மாற்றித் தந்த பிறகே பணம் தர வேண்டும்.

விலையும் பணமும்

அதே மாடலின், அல்லது அதற்கு இணையான இன்றைய மாடலின், தள்ளுபடி போக உள்ள உண்மையான விலையை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெட்டியின்மேல் அச்சிட்ட விலையோடு ஒப்பிட்டால் எல்லாமே மலிவாகத்தான் தெரியும். பாகங்கள் மாற்றப்பட்டு, எழுத்தில் உத்தரவாதத்துடன் வணிகர் தரும் ட்ரெட்மில்லுக்குப் புதிய விலையில் பாதிக்கு மேல் கொடுக்க மாட்டேன். வீட்டிலிருந்து உள்ளது உள்ளபடி வாங்குவதற்கு மூன்றில் ஒரு பங்கே என் வரம்பு. பெல்ட், பலகை மாற்றவேண்டியிருந்தால் அந்தச் செலவையும் கழிக்க வேண்டும். லாரிக் கட்டணம், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி மூன்றையும் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

இணையத்தில் படம் மட்டும் பார்த்து முன்பணம் அனுப்பாதீர்கள். இராணுவத்தில் பணிபுரிவதாகவும் அவசரமாக மாற்றலாகிச் செல்வதாகவும் சொல்லி முன்பணம் பறிக்கும் மோசடி ஓ.எல்.எக்ஸ். போன்ற தளங்களில் நெடுங்காலமாக நடந்து வருகிறது. பணம் பெறுவதற்குக் க்யூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்யவோ யு.பி.ஐ. ரகசிய எண்ணைப் போடவோ தேவையே இல்லை; முன்பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று குறியீடு அனுப்பினால் அது உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்கும் வழி. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

வணிகரிடம் வாங்கும்போது பில்லில் மாடல் பெயர், வரிசை எண், மாற்றிய பாகங்கள், எந்தப் பாகத்துக்கு எத்தனை மாதம் உத்தரவாதம், பழுது பார்க்க ஆள் வீட்டுக்கு வருவாரா அல்லது கருவியை நாம் அனுப்ப வேண்டுமா ஆகிய அனைத்தும் இருக்க வேண்டும். வெளியூர் வணிகர் என்றால் கடைசியாகச் சொன்னதுதான் மிக முக்கியம். எண்பது கிலோ எடையை மீண்டும் சென்னைக்கு அனுப்பித்தான் உத்தரவாதத்தைப் பெற முடியும் என்றால், அந்த உத்தரவாதத்துக்குப் பொருளில்லை.

வீட்டுக்குக் கொண்டுவருதலும் மின் இணைப்பும்

குட்டி யானை வண்டியில் ஏற்றும்போது, மடக்கும் ட்ரெட்மில்லின் பூட்டு விழுந்திருக்கிறதா என்று பார்த்துக் கயிற்றால் கட்டுங்கள். டிஸ்ப்ளேயை அட்டையால் மூடுங்கள். வாசலின் அகலத்தை முன்பே அளந்துகொள்ளுங்கள். டவுனில் உள்ள பழைய வீடுகளில் தார்சாவைத் தாண்டிப் பட்டாசலுக்குள் நுழையும் கதவும், மச்சுக்கு ஏறும் படியும் பெரும்பாலும் குறுகலானவை. கைப்பிடித் தூண்களைக் கழற்றி ஏற்ற வேண்டியிருக்கலாம். கருவிக்குப் பின்னால் இரண்டு மீட்டர், இரு பக்கமும் அரை மீட்டர் காலியாக இருக்கட்டும். தவறி விழுந்தால் சுவரில் மோதாமல் காப்பது அந்த இடைவெளிதான். தென்காசி, குற்றாலம் பக்கத்துச் சாரல் உள்ளே தெறிக்கும் வராந்தாவில் வைக்கவே கூடாது.

2 குதிரைத்திறன் மோட்டார் முழுச்சுமையில் ஏறத்தாழ 1,500 வாட் தரும். 230 வோல்ட்டில் அது ஆறரை ஆம்பியர், இழப்புகளைச் சேர்த்தால் அதற்கும் மேல். ஆகவே மின்விசிறிக்கும் போன் சார்ஜருக்கும் உள்ள சிறிய பிளக்கில் போடாமல், எர்த் சரியாக உள்ள பவர் பிளக்கில் நேரடியாகப் போடுங்கள்; நீட்டிப்பு வயர் வேண்டாம். வீட்டு இன்வெர்ட்டர் இணைப்பில் ட்ரெட்மில் ஓடக்கூடாது. பழைய வீடுகளில் எர்த் பெயருக்குத்தான் இருக்கும். வேர்வைக் கையோடு இரும்புச் சட்டத்தைப் பிடித்து நடக்கும் கருவிக்கு அது உயிர் சம்பந்தப்பட்டது என்பதால், எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதித்த பிறகே முதல்முறை இயக்குங்கள்.

முதல் சில மாதங்கள்

உத்தரவாதக் காலத்தில் கருவியைப் பொத்திப் பொத்தி வைக்காதீர்கள். நாள்தோறும், வீட்டில் உள்ள அனைவரும், முழு நேரமும் பயன்படுத்துங்கள். கெடவேண்டியது அப்போதே வெளிப்படட்டும். பெல்ட் ஒரு பக்கம் ஒதுங்கினால், பின்பக்கத் திருகை ஆலன் கீயால் கால் சுற்று மட்டும் திருப்பி, ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் மீண்டும் கால் சுற்று திருப்ப வேண்டும். பெல்ட்டுக்கு அடியில் விட வேண்டியது சிலிக்கான் எண்ணெய் மட்டுமே. தேங்காய் எண்ணெயும் துருநீக்கித் தெளிப்பானும் பெல்ட்டைக் கெடுத்துவிடும். பயன்படுத்தாத நேரத்தில் சேஃப்டி கீயைக் கழற்றிக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

பழுது தெரிந்தால் சத்தத்தோடு சேர்த்து வீடியோ எடுத்து, தேதியுடன் வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ வணிகருக்கு அனுப்புங்கள். வாய்ப்பேச்சு பின்னால் சான்றாகாது. அவர் தட்டிக்கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முதலில் பதிவு செய்யலாம். அதிலும் தீராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். விற்றவர் சென்னையில் இருந்தாலும் வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் ஆணையத்துக்குக் கட்டணம் இல்லை. தெரிந்தவர் வீட்டிலிருந்து வாங்கியதற்கு இந்த வழி பொருந்தாது. வணிகரிடம் வாங்கியதற்கே பொருந்தும். மாற்றிய பாகங்களின் பட்டியலோடு கூடிய பில்லும், வாங்கிய நாளில் எடுத்த சோதனை வீடியோவும் அப்போது கையில் இருக்க வேண்டும்.